கோனி ஐலண்டின் காலி மனைகள்

ப்ரைட்டன் பீச்சில் இறங்கி, கடலோரமாகவே மேற்கே நடந்து ராட்டினப் பூங்காக்களுக்குப் பேர்போன கோனி ஐலண்டுக்குப் போகலாம் என்பது அக்கா மகளின் யோசனை. அவள் நியூயார்க்கின் புரூக்ளினில் பல வருடங்களாகக் குடியிருக்கிறாள். ரயிலே கோனி ஐலண்டின் வாசல் வரை கொண்டுபோய் விடும். அப்படிப் போனால் முதலில் கண்ணில் படுவது விளக்குகளும் கூட்டமும்தான். “கிழக்கால இருந்து நடந்து வந்தாதான் மாமா, அது எவ்வளவு சின்னதாப் போயிடுச்சுன்னு தெரியும்” என்றாள்.

அக்டோபர் மாதம். கோடைக் கூட்டம் வடிந்திருந்தது. பெஞ்சுகளில் ரஷ்ய மொழி பேசும் முதியவர்கள் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மாள் காகிதப் பையிலிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்துக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார். அந்தத் தோல்கள் பலகை இடுக்குகளில் மணலோடு சேர்ந்து அடைந்து கிடந்தன. இந்தப் பலகை நடைபாதை 1923இல் திறக்கப்பட்டது. 80 அடி அகலம். நீளம் நான்கு கிலோமீட்டருக்கும் மேல். பலகைகளைச் சாய்வாக, எதிரெதிராக அடுக்கியிருக்கிறார்கள். திருகாணிகள் தேய்ந்து மினுங்குகின்றன. சில பலகைகள் முனை தூக்கி நிற்கின்றன. கொஞ்ச தூரம் போனதும் காலடிச் சத்தம் சட்டென்று மாறியது. அங்கே பலகைக்குப் பதிலாகக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். மரத்தின் மேல் நடக்கும்போது கீழே வெற்றிடம் இருப்பதைப் பாதம் உணர்கிறது. கான்கிரீட்டில் அது இல்லை. 2018இல் நகரம் இந்த நடைபாதையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஆனால் மரம் மரமாகவே இருக்கும் என்ற உத்தரவாதம் அந்த அறிவிப்பில் கிடையாது.

இந்தக் கடற்கரையும் மனிதர் செய்ததுதான். 1920க்கு முன்னால் இங்கே கரையின் பெரும்பகுதி தனியார் குளியல் விடுதிகளின் வேலிக்குள் இருந்தது. காசு கொடுத்தால்தான் கடலைத் தொடலாம். நகராட்சி வழக்காடி, வேலிகளை எடுத்து, கடலடியிலிருந்து மணலை இறைத்துக் கொட்டிக் கரையை அகலப்படுத்தி, அதன் ஓரமாக இந்த நடைபாதையைப் போட்டது. அதற்குச் சற்று முன்பு, 1920இல், சுரங்க ரயில் இங்கே வந்து சேர்ந்திருந்தது. கட்டணம் ஐந்து சென்ட், ஒரு நிக்கல் நாணயம். ஐந்து சென்ட்டில் ரயில், ஐந்து சென்ட்டில் தின்பண்டம், அதே காசில் பல ராட்டினங்கள். கோனி ஐலண்டுக்கு நிக்கல் சாம்ராஜ்யம் என்றே பெயர் வந்தது. 1940 ஜூலையில் வீஜி என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்று உண்டு. கரை தெரியாமல் மனிதத் தலைகள். முன்வரிசையில் இருப்பவர்கள் கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். காற்றாடிகூட இல்லாத அடுக்ககங்களில் வெந்துகொண்டிருந்த தையல் தொழிலாளர்களும் துறைமுகக் கூலிகளும் கடலுக்கு வந்து சேர்ந்த நாள் அது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நடைபாதையின் வலப்பக்கம் மீன் காட்சியகம் வந்தது. 1957இல் இங்கே வந்தது. அதற்கு முன் இந்த மனையில் இருந்தது ட்ரீம்லேண்ட்.

கோனி ஐலண்டில் ஒரே காலத்தில் மூன்று பெரிய பூங்காக்கள் இருந்தன. ஜார்ஜ் டில்யூ 1897இல் தொடங்கிய ஸ்டீபிள்சேஸ். தாம்ஸனும் டண்டியும் 1903இல் திறந்த லூனா பார்க். 1904இல் வந்த ட்ரீம்லேண்ட். லூனா பார்க்கில் இரண்டரை லட்சம் மின்விளக்குகள் என்று விளம்பரம் செய்தார்கள். பெரும்பாலான வீடுகளில் மின்சாரமே இல்லாத காலம். தமிழ் வாசகர்களுக்குத் ‘தாய்’ நாவல் வழியாக நெருக்கமான மாக்ஸிம் கார்க்கி 1906இல் இங்கே வந்தார். அந்த நாவலை அவர் எழுதத் தொடங்கியதும் அதே அமெரிக்கப் பயணத்தில்தான். தூரத்திலிருந்து வெளிச்சத்தைக் கண்டு மலைத்தவர், உள்ளே போய்ச் சுற்றிவிட்டு, உழைக்கும் மக்களை மரத்துப்போகச் செய்யும் சலிப்பு என்று எழுதினார். கார்க்கியை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த விஷயத்தில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆறு நாள் தறியில் நின்றவள் ஏழாம் நாள் சறுக்குமரத்தில் கூச்சலிட்டு இறங்குவதில் சலிப்பு எங்கே இருக்கிறது?

ஆனால் அந்தப் பொற்காலத்தை முழுதாகக் கொண்டாடவும் முடியாது. லூனா பார்க் திறக்கும் முன்பே, 1903 ஜனவரி 4 அன்று, டாப்ஸி என்ற யானையை அந்த மனையில் நிறுத்தி விஷம் கொடுத்து, மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எடிசனின் நிறுவனம் அதைப் படம் பிடித்தது. அது ஆசியக் காட்டில் பிறந்து, சர்க்கஸுக்காகக் கப்பலேற்றப்பட்ட யானை. கொடுமைப்படுத்திய பார்வையாளன் ஒருவனைக் கொன்றது என்பது அதன் மேல் இருந்த குற்றம். அடுத்த வருடமே அதே பூங்காவில் டெல்லி தர்பாரை நகலெடுத்து யானை ஊர்வலம் நடத்திக் காட்டினார்கள். 1905இல் பிலிப்பைன்ஸ் மலைவாசிகளைக் கொண்டுவந்து குடிசை போட்டு உட்காரவைத்து டிக்கெட் விற்றார்கள். காட்சிக்கு வைக்கலாம் என்று யாரைப் பற்றி நினைத்தார்களோ அவர்கள் எல்லாரையும் இங்கே காட்சிக்கு வைத்தார்கள்.

அப்படிக் காட்சிக்கு வைக்கப்பட்டவர்களில் குறைமாதக் குழந்தைகளும் உண்டு. மார்ட்டின் கூனி என்பவர் லூனா பார்க்கில் 1903இலிருந்து கண்ணாடிப் பெட்டிகளுக்குள் குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பராமரித்தார். வாசலில் ஆள் நின்று கூவி அழைப்பான். பார்க்க 25 சென்ட். குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு காசு வாங்கியதில்லை. செவிலியர் சம்பளமும் பால் செலவும் வெப்பம் காக்கும் பெட்டிகளின் செலவும் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் காசில் நடந்தன. மருத்துவமனைகள் அந்தக் குழந்தைகளைப் பிழைக்காதவை என்று ஒதுக்கிய காலம். நாற்பது வருடங்களில் பல ஊர்க் கண்காட்சிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 8,000 குழந்தைகளை அவர் ஏற்றுக்கொண்டதாகவும் 6,500 பேர் பிழைத்ததாகவும் கணக்குச் சொல்கிறார்கள். நியூயார்க் மருத்துவமனை ஒன்று தனிப் பிரிவு தொடங்கிய பிறகு, 1943இல், கூனி தன் காட்சியை மூடினார். ட்ரீம்லேண்டிலும் இப்படி ஒரு கூடம் இருந்தது. 1911 மே 27 அதிகாலையில் ‘நரக வாசல்’ என்ற படகுச் சவாரியில், அன்றைய திறப்புக்காகத் தார் பூசிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து ட்ரீம்லேண்ட் முழுவதும் சாம்பலானது. பெட்டிகளிலிருந்த குழந்தைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிக் காப்பாற்றிவிட்டார்கள். மீன் காட்சியகத்தின் சுற்றுச்சுவர் ஓரமாக நடக்கும்போது இதை அக்கா மகளிடம் சொன்னேன். அவளுடைய மூத்த பையன் குறைமாதத்தில் பிறந்தவன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள்.

அடுத்து வந்தது சைக்ளோன்.

தூரத்தில் வெள்ளைச் சட்டகமாகத் தெரிவது அருகே போகப் போகச் சத்தமாக மாறுகிறது. 1927 ஜூன் 26 அன்று ஓடத் தொடங்கிய ரோலர் கோஸ்டர். சட்டகம் இரும்பு, தண்டவாளத்தைத் தாங்குவது அடுக்கு அடுக்கான மரம். இதே இடத்தில்தான் 1884இல் லாமார்க்கஸ் தாம்ஸன் தன் ‘ஸ்விட்ச்பேக்’ ரயிலை ஓட்டினார். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம், ஐந்து சென்ட் கட்டணம். அமெரிக்க ரோலர் கோஸ்டர்களின் தொடக்கம் அதுவே.

“கண்ணாடியைக் கழட்டிப் பையில போடுங்க மாமா” என்றாள். ஏறினோம். சங்கிலி பெட்டியைப் பற்களால் கவ்வி மேலே இழுக்கும் ‘டக்டக்’ ஓசை. இடப்பக்கம் கடல் மெல்ல மெல்ல விரிகிறது. 85 அடி உயரம் என்பது இன்றைய எஃகு ராட்சதங்களுக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் உச்சியிலிருந்து பெட்டி குப்புற விழும் சரிவு கிட்டத்தட்ட 60 பாகை. அதற்குப் பின் இன்னும் பதினொரு சரிவுகள். எஃகுத் தண்டவாளத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. மரம் வளைந்து கொடுக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சட்டகம் முழுவதும் அசைந்து, முனகி, நம் எடையை வாங்கி அடுத்த கட்டைக்குக் கைமாற்றுகிறது. விலா எலும்பில் அது தெரியும். இறங்கும் இடத்தில் ஓர் ஆள் இடுப்பு உயர நெம்புகோலைப் பிடித்து நிற்கிறார். வண்டி வரும் வேகத்தைப் பார்த்து, உடல் எடையைச் சாய்த்து இழுத்து நிறுத்துகிறார். எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், கடல் காற்று ஈரமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து இழுப்பு மாறும் என்றார். கைப்பிடியின் மரம் உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் கறுத்து வழவழப்பாக இருந்தது.

இந்தச் சைக்ளோனை இடித்துவிட்டு மீன் காட்சியகத்தை விரிவாக்க வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் திட்டமிருந்தது. அப்போது நிலம் நகராட்சியின் கையில் இருந்தது. ஊரார் எழுதியும் கூடியும் தடுத்தார்கள். பக்கத்தில் இருந்த அஸ்ட்ரோலேண்ட் பூங்காவினர் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டு 1975இல் மீண்டும் ஓட்டினார்கள். 1988இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. மரத்தை வருடா வருடம் பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரத்தில் விரிசல் கண்டு நிறுத்தி, புதிதாகச் செய்து பொருத்தி, மறுபடி ஓட்டினார்கள். பழைய இயந்திரம் என்றால் கடையில் உதிரிபாகம் கிடைக்காது; ஒவ்வொன்றையும் பட்டறையில் வார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சைக்ளோனிலிருந்து சில அடிகளில் வொண்டர் வீல். 150 அடி உயரம், 24 பெட்டிகள். எட்டுப் பெட்டிகள் வெளிவட்டத்தில் நிலையாக நிற்பவை. மற்ற 16 சக்கரத்தின் உள்ளே வளைந்த தண்டவாளங்களில் சறுக்கி முன்னும் பின்னும் பாய்பவை. வரிசையில் நிற்கும்போதே எது வேண்டும் என்று முடிவுசெய்துவிட வேண்டும். வெள்ளைப் பெட்டி என்றால் அமைதி. வண்ணப் பெட்டி என்றால் அலறல். 1920இல் ஓடத் தொடங்கியது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் இதில் ஒரு பெரிய விபத்து இல்லை.

இந்தச் சக்கரத்துக்கு டீனோஸ் என்று பெயர் வந்த கதை ஊரறிந்தது. கிரேக்கத்திலிருந்து வந்து, தள்ளுவண்டியில் ஹாட்டாக் விற்ற டீனோஸ் வூர்டெரிஸ், 1948இல் தான் மணக்க விரும்பிய பெண்ணிடம், என்னைக் கட்டிக்கொள், என்றாவது இந்தச் சக்கரத்தை உனக்கு வாங்கித் தருகிறேன் என்று சொன்னாராம். 1983இல் வாங்கினார். ஊர் சீரழிந்துபோய், கடைகள் பூட்டிக் கிடந்த காலம். நகைச்சுவைக்காகச் சொன்ன கதையாக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வாங்காவிட்டால் இன்று இங்கே சக்கரம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். இன்றும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறது.

அதற்கு முன்பும் அதைக் கையால் காத்தவர்கள் உண்டு. 1977 ஜூலை 13 இரவு நியூயார்க் நகரத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் போனது. மேலே பெட்டிகளில் மக்கள். அப்போதைய உரிமையாளர் குடும்பத்தினர் சக்கரத்தைக் கையாலேயே சுழற்றி ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவந்து எல்லாரையும் இறக்கினார்கள். கோயில் திருவிழாக்களில் ஆள் ஏறி மிதித்துச் சுற்றிவிடும் மரராட்டினம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதே வேலைதான், இருநூறு டன் எடையில். குளிர்காலம் தொடங்கியதும் 24 பெட்டிகளையும் கழற்றி இறக்கி, உப்புக்காற்று அரித்த இடங்களைச் சுரண்டி, வர்ணம் பூசி வைப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று பாதிரியார் வந்து ராட்டினங்களுக்கு ஆசி வழங்கிய பிறகு அந்த வருடத்து ஓட்டம் தொடங்கும். 2020இல் நூற்றாண்டு கொண்டாடக் காத்திருந்தார்கள். கொரோனா வந்து அந்த வருடம் முழுவதும் சக்கரம் சுற்றவே இல்லை.

நாங்கள் வண்ணப் பெட்டியில் ஏறினோம். உச்சியில் நின்றபோது ஒரு பக்கம் அட்லாண்டிக். மறுபக்கம் குடியிருப்புக் கோபுரங்கள், அவற்றுக்கு அப்பால் புரூக்ளின் முழுவதும். இரண்டுக்கும் நடுவே பச்சை, சிவப்பு, மஞ்சள் கூரைகளோடு ராட்டினங்கள். ராட்டினங்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சதுரங்கள். கம்பிவேலி, சரளைக்கல், புல். “அதைத்தான் பாக்கச் சொன்னேன்” என்றாள் அக்கா மகள்.

இறங்கி பவரி என்ற சந்து வழியாக நடந்தோம். ஒரு காலத்தில் பாட்டுக் கொட்டகைகளும் மதுக்கடைகளும் நெருக்கியடித்த இடம். இப்போது பல இடங்களில் வேலி. ஒரு மனையில் வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். இன்னொன்றில் எதுவும் இல்லை.

தீ இங்கே பலமுறை வந்துபோயிருக்கிறது. ட்ரீம்லேண்ட் எரிந்து திரும்ப எழவில்லை. லூனா பார்க் 1944இல் எரிந்தது. அந்த இடத்தில் குடியிருப்புகள் வந்தன. ஆனால் 1907இல் ஸ்டீபிள்சேஸ் எரிந்தபோது டில்யூ மறுநாளே வாசலில் பலகை தொங்கவிட்டார்: எரிந்த இடிபாடுகளைப் பார்க்கப் பத்து சென்ட். அந்தக் காசிலிருந்தே மறுபடி கட்டத் தொடங்கி, பெரும் கண்ணாடிக் கூடம் ஒன்றை எழுப்பினார். மழை பெய்தாலும் உள்ளே ராட்டினம் ஓடும். அந்த மண்ணில் வேறு எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. ராட்டினம் நடத்துவதற்காகவே நிலம் வைத்திருந்தவர் அவர்.

நிலத்துக்காக நிலம் வாங்குகிறவர் வந்ததும் கதை மாறியது. 1964இல் ஸ்டீபிள்சேஸ் மூடப்பட்டது. அடுத்த வருடம் அதை ஃப்ரெட் டிரம்ப் வாங்கினார். இன்றைய அமெரிக்க அதிபரின் தந்தை. அடுக்குமாடி கட்டுவது நோக்கம். நகரத்தின் நில விதிகள் அங்கே கேளிக்கையை மட்டுமே அனுமதித்தன. விதி மாறுவதற்குள் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிடுவார்களோ என்ற பதற்றம் அவருக்கு. 1966இல் விருந்து வைத்து, அழைக்கப்பட்டவர்கள் கையில் செங்கல் கொடுத்து, அந்தக் கண்ணாடி முகப்பை எறிந்து உடைக்கச் சொன்னார். பிறகு முழுவதையும் இடித்தார். நில விதி மாறவே இல்லை. 1969இல் நகராட்சியே மனையை வாங்கியது. 2001இல் பேஸ்பால் மைதானம் வரும் வரை அது பெரும்பாலும் வெறும் தரை. முப்பது வருடங்களுக்கு மேலாக.

அஸ்ட்ரோலேண்டுக்கும் இதே கதைதான். விண்வெளிக் கனவு உச்சத்தில் இருந்த 1962இல் திறந்த பூங்கா. தோர் ஈக்விட்டீஸ் என்ற மனை நிறுவனம் 2006இல் வாங்கியது. 2008 செப்டம்பரில் பூங்கா மூடியது. அதன் அடையாளமாகக் கூரைமேல் நின்ற ராக்கெட்டைப் பெயர்த்து எடுத்துப் பல வருடம் கிடங்கில் போட்டிருந்து, 2014இல் வொண்டர் வீல் பக்கமே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் முன்னால் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2009இல் நகரம் ஒரு சமரசம் செய்தது. சர்ஃப் அவென்யூ ஓரமாக உயர்ந்த ஹோட்டல்கள் கட்ட அனுமதி. கடல் பக்கம் 27 ஏக்கர் கேளிக்கைப் பகுதி. அதே வருடம் தோரிடமிருந்து ஏறக்குறைய ஏழு ஏக்கரை 95.6 மில்லியன் டாலருக்கு நகராட்சி வாங்கியது. வாங்கிய நிலத்தில் 2010இல் இத்தாலிய ராட்டின நிறுவனமான ஸாம்பெர்லாவின் பொறுப்பில் புதிய லூனா பார்க் வந்தது. பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். நாங்கள் போன அன்று அங்கேதான் கூட்டம். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. காசில்லாத ஓர் இளைஞனும் அவன் தோழியும் வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டு பிறர் கத்துவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை நகரச் சொல்லவில்லை. கோட்டைச்சுவர் கட்டி வாசலிலேயே நூறு டாலர் வாங்கும் பூங்காக்களில் இது நடக்காது.

தோரிடம் மிச்சமிருந்த மனைகளுக்கு ஹோட்டல் வரவில்லை. 2022இல் வேறு திட்டம் வந்தது: சூதாட்ட விடுதி. மூன்று பில்லியன் டாலருக்கும் மேல். ஹோட்டல், மாநாட்டுக் கூடம், அவற்றுக்காகப் பவரி சந்தின் ஒரு பகுதியையே மூடிக் கட்டடத்துக்குள் சேர்த்துக்கொள்வது. வேலை வரும் என்று ஆதரித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய தேவை பொய்யில்லை. ஜூன் மாதம் தோறும் கடற்கன்னி வேடமிட்டு ஊர்வலம் நடத்தும் கலைஞர்களும் குடியிருப்பவர்களில் ஏராளமானவர்களும் எதிர்த்தார்கள். 2025 செப்டம்பர் இறுதியில், இதற்காக அமைத்த ஆறு பேர் குழு நான்குக்கு இரண்டு என்று திட்டத்தை நிராகரித்தது. நாங்கள் போனபோது அந்த வாக்கெடுப்பு இன்னும் சூடாறவில்லை. ‘காசினோ வேண்டாம்’ சுவரொட்டிகள் கடைக் கண்ணாடிகளில் அப்படியே இருந்தன.

எனக்கு அந்த வாக்கில் மகிழ்ச்சிதான். ஜன்னலே இல்லாத கூடத்துக்குள், கடிகாரமே இல்லாமல், மனிதரைக் கடலுக்கு முதுகு காட்டி உட்காரவைப்பதற்குக் கடற்கரை எதற்கு? ஆனால் வேலிக்குள் புல் முளைத்த மனையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. வேண்டாம் என்ற முடிவு வந்துவிட்டது. எது வேண்டும் என்பதற்கு முடிவு வரவில்லை. மனைக்காரர் இன்னும் காத்திருக்கலாம். ராட்டினக்காரருக்கு ஒவ்வொரு கோடையும் கணக்கு. மழை பெய்த சனி ஞாயிறு போனால் போனதுதான்.

மேற்கே நடையைத் தொடர்ந்தோம். பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில்தான் தண்டர்போல்ட் இருந்தது. 1925இல் கட்டிய ரோலர் கோஸ்டர். அதற்கு அடியில் ஒரு வீடும் இருந்தது. வுடி ஆலனின் ‘ஆனி ஹால்’ படத்தில் வருமே, அந்த வீடு. 1982இல் ஓட்டம் நின்று கொடி படர்ந்து கிடந்ததை, 2000 நவம்பரில் ஒரு காலை நகராட்சியே வந்து இடித்தது. பின்னால் நீதிமன்றத்தில் நடுவர் குழு அந்த இடிப்பு சட்டவிரோதம் என்று சொன்னது. அதனால் கோஸ்டர் திரும்பி வந்துவிடவில்லை. இப்போது அதே பெயரில் ஆரஞ்சு நிறத்தில் எஃகுத் தண்டவாளம் சுழல்கிறது.

அடுத்து பாராசூட் ஜம்ப். 250 அடி உயர இரும்புக் கோபுரம். ராணுவத்தில் குதிக்கப் பயிற்சி தரும் கோபுரத்தின் உறவு. 1939 உலகக் கண்காட்சிக்காகக் குவீன்ஸில் எழுப்பி, 1941இல் ஸ்டீபிள்சேஸுக்குக் கொண்டுவந்தது. 1960களிலேயே ஓட்டம் நின்றது. இடிக்கச் செலவாகும், வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நகராட்சிக்குத் தெரியவில்லை. 1977இல் சின்னமாக அறிவித்து, சில மாதங்களில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, 1989இல் மறுபடி அறிவித்தார்கள். இன்று இரவில் விளக்கு எரியும் அலங்காரம். யாரும் குதிப்பதில்லை. சின்னம் என்ற பட்டம் இரும்பைக் காக்கிறது, அவ்வளவே. டீனோஸ் குடும்பம் பெட்டியைச் சுரண்டி வர்ணம் பூசுவது வேறு விதமான காப்பு. கோனி ஐலண்டில் இரண்டும் தேவைப்படுகின்றன. முதலாவது சட்டத்தால் கிடைக்கும். இரண்டாவதற்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களுக்கு நீண்ட குத்தகை வேண்டும்.

கடலுக்குள் நீளும் படகுத்துறையில் ஏறினோம். பெயர் இன்னும் ஸ்டீபிள்சேஸ் துறைதான். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் இதை உடைத்தது; பூங்காக்களின் மோட்டார்களில் உப்புநீர் புகுந்தது; தெருக்களில் ஆளுயரத் தண்ணீர். அடுத்த வசந்தத்தில் ராட்டினங்கள் ஓடின. துறையையும் மறுபடி கட்டினார்கள். அன்று அங்கே நண்டு பிடிப்பவர்கள் கூண்டுக்குள் கோழிக்கால் கட்டிக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானிய மொழி, சீன மொழி, ரஷ்ய மொழி, கரீபியன் ஆங்கிலம். ஒருவர் தூண்டிலைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதைப் பிடித்துக்கொண்டது வேறு மொழிக்காரர்.

கடலுக்கும் நிலத்துக்கும் இடையே இருக்கும் உயரம் இங்கே மிகக் குறைவு. அடுத்த சாண்டிக்கு எந்தக் குழுவின் வாக்கும் தேவைப்படாது. கடல்மட்டம் உயரும் ஊரில், அடித்தளம் போட்டுக் கோபுரம் எழுப்புவதைவிட, தண்ணீர் வந்தால் பெட்டியைக் கழற்றி மேலே வைத்துவிட்டு வடிந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளும் ராட்டினம் புத்திசாலித்தனமான பயன்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அக்கா மகளிடம் சொன்னதும் அவள் ஒப்பவில்லை.

“உங்களுக்கு என்ன மாமா, நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. இங்க வாடகை கட்ட முடியாம என் ஆபீஸ்ல எத்தனை பேர் நியூ ஜெர்சிக்குப் போயிட்டாங்க தெரியுமா? வீடும்தான் வேணும்.”

அவள் சொல்வது நியாயம். வீடு கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லூனா பார்க் மனையில் வீடு வந்தது. மீன் காட்சியகத்துக்கு அப்பால் டிரம்ப் வில்லேஜ் வந்தது. மேற்கே கண்ணுக்கெட்டிய வரை பொதுக் குடியிருப்புகள். நகரின் கட்டுமானத் திட்டங்களை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸின் காலத்திலிருந்தே ராட்டினம் சுருங்கி வீடு வளர்ந்துகொண்டிருக்கிறது; சர்ஃப் அவென்யூவில் இப்போதும் புதிய அடுக்குமாடிகள் எழுகின்றன. வீட்டுக்கு புரூக்ளின் முழுவதும் இடம் தேடலாம். இந்தச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வேறெங்கே போவது?

“சரி, அந்தக் காலி மனையில என்னதான் வரணுங்கறீங்க?”

நகராட்சி 2009இல் செய்ததை மறுபடி செய்ய வேண்டும் என்றேன். மிச்ச மனைகளையும் வாங்க வேண்டும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, சிறு ராட்டினக்காரருக்கும் கடைக்காரருக்கும் இருபது வருடக் குத்தகை கொடுக்க வேண்டும். வருடா வருடம் வெளியேற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறவன் பல்சக்கரம் வார்க்கப் பணம் போட மாட்டான். குளிர்காலத்துக்கு டில்யூவின் கண்ணாடிக் கூடம் மாதிரி ஒன்று. நீச்சல் குளம், சறுக்கு விளையாட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவு டிக்கெட். அப்போது வேலையும் ஆறு மாதத்தோடு நின்றுவிடாது. கூடம் கட்ட யார் பணம் கொடுப்பார்கள் என்று அவள் கேட்டாள். பேஸ்பால் மைதானத்துக்குக் கொடுத்தவர்களே கொடுக்கலாம் என்றேன்.

ரயிலடிக்குத் திரும்பும் வழியில் நேதன்ஸ் கடையில் வரிசை நீண்டிருந்தது. 1916இல் நேதன் ஹேண்ட்வெர்கர் என்ற போலந்து யூதர், தான் வேலை பார்த்த பெரிய உணவகத்தில் பத்து சென்ட்டுக்கு விற்ற ஹாட்டாக்கை ஐந்து சென்ட்டுக்கு விற்று இதே மூலையில் தொடங்கிய கடை. உருளைக்கிழங்கு வறுவலை வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டோம். இந்த மனைகளைப் பற்றிய அடுத்த ஊர்க்கூட்டம் எப்போது என்று அக்கா மகள் கைபேசியில் தேடினாள். வீட்டுக்காகப் பேசப் போகிறாளா, ராட்டினத்துக்காகவா என்று நான் கேட்டேன். இரண்டையும் பற்றித்தான் பேச வேண்டும், மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள், நீங்கள் சொன்ன குத்தகைக் கணக்கை எனக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள்.